கஹாலின் கண்ணாடித் தகடுகள்: ஒரு மூளை ஆய்வாளர் விட்டுச்சென்ற சான்றுகளும் அவற்றின் காப்பும்

அறிவியலாளர் ஒருவர் மறைந்த பிறகு அவர் விட்டுச்செல்பவற்றில் அச்சேறிய நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன; உலகெங்கும் உள்ள நூலகங்களில் அவற்றின் படிகள் இருப்பதால், ஒரு கட்டடம் எரிந்தாலும் ஒரு நாடு சிதைந்தாலும் அவை முற்றாக அழிவதில்லை. ஆனால் அந்த நூல்கள் எதை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டனவோ அந்த மூலச் சான்றுகள், அதாவது ஆய்வுக்கூடத்தில் அவர் கையால் உருவாக்கிய தயாரிப்புகள், குறிப்பேடுகள், முதல் வரைவுகள், கடிதங்கள் ஆகியவை ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றாக இருப்பவை. நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது என்ற கருத்தை நிலைநாட்டிய ஸ்பெயின் நாட்டுத் திசுவியலாளர் சாந்தியாகோ ரமோன் இ கஹாலின் (1852–1934) மரபுச் செல்வத்திற்கு நேர்ந்தவற்றை ஆராய்வது, இவ்விரண்டாம் வகைச் செல்வம் எவ்வளவு எளிதில் கைநழுவிப் போகக்கூடியது என்பதையும், அதை எந்த வடிவில் காப்பாற்றினால் அது அறிவியலாகவே நிலைக்கும் என்பதையும் விளக்க உதவும்.

கஹாலின் பணியைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன் நிலவிய சிக்கலை அறிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணோக்கிகள் போதிய அளவு மேம்பட்டிருந்தபோதிலும் மூளைத் திசு ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமலே இருந்தது. ஏனெனில், அக்காலச் சாயங்கள் எல்லாச் செல்களையும் ஒருசேர நிறமேற்றியதால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் இழைகளில் எது எந்தச் செல்லுக்கு உரியது என்று பிரித்தறிய முடியவில்லை. இத்தாலியின் கமிலோ கோல்ஜி 1873ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இந்நிலையை மாற்றியது. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் இறுகச் செய்த திசுவை வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டபோது, வெள்ளி குரோமேட் படிவு மிகச் சில செல்களுக்குள் மட்டும் நிரம்பி, அவற்றின் உடலையும் கிளைகளையும் கறுப்பாகவும் சுற்றுப்புறத்தை வெளிர் மஞ்சளாகவும் காட்டியது. எந்தச் செல் கறுக்கும், எது கறுக்காது என்பதற்கு விதி ஏதும் தெரியவில்லை என்றாலும், பெரும்பாலானவை கறுக்காமல் விடப்பட்டதுதான் அம்முறையின் வலிமை. ஆயினும் கோல்ஜி தாம் கண்ட காட்சியிலிருந்து, நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று உருகி இணைந்து ஒரே தொடர் வலையாக இயங்குகின்றன என்ற முடிவுக்கே வந்தார். ஜெர்மனியின் யோசப் கெர்லாக் போன்றோர் முன்பே வலியுறுத்திய வலைக் கொள்கை இதனால் மேலும் வேரூன்றியது.

கஹால், நவார் மாநிலத்தைச் சேர்ந்த பெத்தியா தெ அரகோன் என்னும் சிற்றூரில் 1852ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் பிறந்தார். ஓவியராக வேண்டும் என்ற அவரது இளமை விருப்பத்தை அறுவை மருத்துவரான தந்தை ஏற்கவில்லை. அவரே மகனுக்கு எலும்புகளைக் காட்டி உடற்கூறியல் கற்பித்தபோது, வரையும் கை அறிவியலுக்குத் திரும்பியது. சரகோசாவில் 1873இல் மருத்துவப் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவராகக் கியூபாவுக்குச் சென்று மலேரியாவால் நலிந்து திரும்பிய அவர், பின்னர் வாலென்சியாவில் பேராசிரியரானார். 1887இல் மாத்ரிதில் மனநோய் மருத்துவர் லூயிஸ் சிமார்ரோ காட்டிய கோல்ஜி முறைத் தயாரிப்புகளே அவரது வாழ்வின் திருப்புமுனை என்று சொல்லலாம். அம்முறை வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தும், அதன் நிலையற்ற விளைவுகளால் சலித்துப் பலர் கைவிட்டிருந்த வேளையில், கஹால் இரண்டு மாற்றங்களைச் செய்தார்: திசுவை ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை கரைசல்களில் மாற்றி மாற்றி ஊறவைத்தார், வளர்ந்த விலங்குகளின் மூளைக்குப் பதிலாகக் கருக்களையும் இளங்குட்டிகளையும் எடுத்துக்கொண்டார். நரம்பிழைகளைச் சுற்றிப் படரும் மயலின் என்னும் கொழுப்புறை இளம் பருவத்தில் உருவாகாததால் வெள்ளிப் படிவு இழையின் நுனி வரை தடையின்றிச் சென்றது. கிளைகள் குறைவாகவும் குறுகியும் இருந்ததால் ஒரு செல்லின் முழு உருவத்தையும் ஒரே வெட்டில் காண முடிந்தது.

பார்சிலோனாவுக்கு மாறிய கஹால், 1888 மே மாதம் தம் சொந்தச் செலவில் ஒரு திசுவியல் காலாண்டிதழைத் தொடங்கி, 60 படிகள் மட்டும் அச்சிட்டு, பெரும்பகுதியை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். பறவைகளின் சிறுமூளை பற்றிய அவ்விதழின் கட்டுரையில், நரம்பிழைகள் பிற செல்களோடு உருகி இணையாமல் அவற்றின் அருகே தொட்டு முடிகின்றன என்ற கருத்து முதன்முதலாகச் சான்றோடு வைக்கப்பட்டது. அனுப்பிய இதழ்களுக்குப் போதிய எதிர்வினை இல்லாத நிலையில், 1889 அக்டோபரில் அவர் தம் தயாரிப்புகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு பெர்லினில் கூடிய ஜெர்மன் உடற்கூறியல் கழக மாநாட்டிற்குச் சென்றார். அங்கே அவரது தடுமாறும் பிரெஞ்சு மொழி சாதிக்காததை நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்ட கண்ணாடித் தகடுகள் சாதித்தன. ஐரோப்பாவின் மூத்த திசுவியலாளரான ஆல்பர்ட் கோலிக்கர் அவற்றைக் கண்டு அவரது ஆதரவாளராக மாறினார். 1891இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் வால்டையர் இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, நரம்புச் செல்லுக்கு 'நியூரான்' என்ற பெயரை வழங்கினார். 1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, கோல்ஜி தம் பரிசுரையையே நியூரான் கொள்கையை மறுப்பதற்குப் பயன்படுத்தினார் என்பது, ஒரே முறையால் உண்டான ஒரே வகைக் காட்சியை இரு பெரும் கண்கள் இரு விதமாகப் படித்தன என்பதற்குச் சான்று.

ஆகவேதான் பெர்லினில் பேசிய அந்தக் கண்ணாடித் தகடுகளை இங்குச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியுள்ளது. கோல்ஜி முறைத் தயாரிப்பில் திசு, வழக்கமான வெட்டுகளைவிடப் பன்மடங்கு தடிப்பாக வெட்டப்படும். ஏனெனில் ஒரு செல்லின் கிளைகள் பரவும் ஆழம் முழுவதும் ஒரே துண்டில் அடங்க வேண்டும். மற்றத் தயாரிப்புகளில் திசுவின்மேல் மெல்லிய மூடுகண்ணாடி ஒட்டப்படும். கோல்ஜி முறையிலோ, மூடினால் படிவு நாளடைவில் கெட்டுவிடும் என்ற அனுபவத்தால், திசு மரப்பிசினில் பதிக்கப்பட்டு மூடுகண்ணாடியின்றித் திறந்தே உலரவிடப்பட்டது. எனவே கஹாலின் இத்தகடுகளில், நூற்றாண்டுக்கு மேலாகத் தூசிக்கும் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் நேரடியாக முகங்கொடுத்தபடி, பொன்னிறப் பிசினுள் கறுத்த செல்கள் கிடக்கின்றன. தகட்டின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் விலங்கு, உறுப்பு முதலிய விவரங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. பிசின் வெடிக்கலாம், நிறம் மங்கலாம், சீட்டு உதிரலாம். சீட்டு உதிர்ந்த தகடு கண்ணுக்கு அழகாக இருந்தாலும் எந்த விலங்கின் எந்தப் பகுதி என்று தெரியாத நிலையில் சான்று என்ற தகுதியைப் பெரிதும் இழந்துவிடுகிறது. மாத்ரிதில் அப்போது இருந்த கஹால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அவர் கையால் ஆன 4,500க்கும் மேற்பட்ட தயாரிப்புகளைப் பட்டியலிட்டு ஆராய்ந்தனர். அவற்றில் பலவற்றில் செல்களின் நுண்கிளைகள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன என்பது, அவற்றைச் செய்த கையின் நேர்த்திக்குக் கிடைத்த சான்றிதழ்.

இத்தகடுகளுக்கு இணையாக நிற்பவை அவரது வரைபடங்கள். மரபுத் தொகுப்பில் ஏறத்தாழ 2,900 வரைபடங்கள் உள்ளன. பென்சிலாலும் கறுப்பு மையாலும் சிறு தாள்களில் வரையப்பட்ட இவற்றில் பலவும் கலைப்பொருளாக எண்ணி வரையப்பட்டவை அல்ல, அச்சுக்கூடத்திற்கு அனுப்புவதற்கான படிகள்: தவறிய கோடுகளை வெள்ளைப் பூச்சால் மறைத்திருப்பதும், எழுத்துக் குறியீடுகளைத் திருத்தி ஒட்டியிருப்பதும், எவ்வளவு சுருக்கி அச்சிட வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருப்பதும் இவற்றில் காணக் கிடைக்கின்றன. பிற்காலத்தில் சில வரைபடங்களின்மேலேயே குத்தப்பட்ட அருங்காட்சியக முத்திரை, காக்க முனைந்தவர்களே அறியாது செய்த காயம்.

கஹால், நுண்ணோக்கியில் தெரியும் காட்சியைத் தாளில் விழச்செய்து அப்படியே கோடிழுக்க உதவும் கருவியைச் சில வேளைகளில் கையாண்டாலும், பெரும்பாலும் நீண்ட நேரம் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு வெறுங்கையால் வரைந்தார். ஒரு வரைபடத்தில் காணும் செல்கள் அனைத்தும் ஒரே தகட்டிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. பல தகடுகளில் பல நாள்களில் கண்டவற்றை ஒரே தளத்தில் அடுக்கி, தகவல் எத்திசையில் பாய்கிறது என்று தாம் கருதியதை அம்புக்குறிகளால் காட்டினார். டென்ட்ரைட் எனப்படும் கிளைகளும் செல்லுடலும் தகவலைப் பெறுகின்றன, ஆக்சான் எனப்படும் நீண்ட இழை அதை வெளியே கொண்டுசெல்கிறது என்ற அவரது விதி, 1890களில் இத்தகைய அம்புகளின் வழியேதான் உலகுக்குப் புலப்பட்டது. ஆதலால் கஹாலின் வரைபடம் ஒரு நிழற்படம் அன்று, ஒரு வாதம். வாதத்தைச் சோதிக்க வேண்டுமானால் அது எதிலிருந்து கட்டப்பட்டதோ அந்தத் தகட்டுக்குத் திரும்ப வேண்டும்.

டென்ட்ரைட்டுகளின் மேற்பரப்பில் காணும் நுண்புடைப்புகளின் வரலாறு இதைத் தெளிவாக்கும். 1888இல் கஹால் இவற்றைக் கண்டு 'முட்கள்' என்று பெயரிட்டபோது, கோல்ஜி உட்பட அக்கால ஆய்வாளர்கள் பலர் அவற்றை வெள்ளிப் படிவின் கோளாறு என்று ஒதுக்கினர். வேதிப்படிவு தாறுமாறாக ஒட்டிக்கொள்வது அம்முறையில் அடிக்கடி நிகழ்வதே என்பதால் அந்த ஐயம் நியாயமற்றதும் அன்று. 1896இல் கஹால், வெள்ளியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மெத்திலீன் நீலச் சாயத்தாலும் அதே முட்களைக் காட்டி, அவை செல்லின் உறுப்புகளே என்று நிறுவினார். 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்தபோது, நரம்புச் செல்களுக்கு இடையே உண்மையாகவே இடைவெளி உண்டு என்பதும், சினாப்ஸ் எனப்படும் அந்தத் தொடர்பிடங்களில் பல இம்முட்களின்மேல்தான் அமைகின்றன என்பதும் உறுதியாயின. கற்றலின்போதும் நினைவு பதியும்போதும் முட்களின் வடிவும் எண்ணிக்கையும் மாறுவதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. அதேபோல், 1890இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் வளரும் ஆக்சானின் நுனியில் அவர் கண்ட வளர்கூம்பு, வேதிப்பொருள்களால் ஈர்க்கப்பட்டு வழி தேடுகிறது என்ற அவரது ஊகம், நூறு ஆண்டுகளுக்குப் பின் 1994இல் நெட்ரின் என்னும் வழிகாட்டிப் புரதங்கள் கண்டறியப்பட்டபோது மெய்யாயிற்று. சில நியூரான்களுக்கு இடையே மின்னோட்டம் நேராகப் பாயும் நுண்வழிகளும் உண்டு என்று பின்னர் தெரியவந்திருப்பதால், நியூரான் கொள்கையும் விதிவிலக்கற்ற ஒன்றாக எஞ்சவில்லை. சரியாக இருந்த இடம், மிகையாக இருந்த இடம் இரண்டையும் எடைபோட மூலத் தயாரிப்புகள் தேவை.

இவ்வளவு மதிப்புள்ள தொகுப்பு அதற்கேற்ற முறையில் பேணப்பட்டதா என்று கேட்டால், பல பத்தாண்டுகளுக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். 1900இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டின் மாஸ்கோ பரிசு கஹாலுக்குக் கிடைத்ததை அடுத்து ஸ்பெயின் அரசு அவருக்காக ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது; 1920இல் அவர் பெயரிலேயே கஹால் நிறுவனம் அரசாணையால் உருவாகி, அதற்கான பெரிய கட்டடம் அவரது கடைசி ஆண்டுகளில் மாத்ரிதின் சான் பிளாஸ் குன்றில் எழுந்தது. தம் அறிவியல் பொருள்களை அந்நிறுவனத்திற்கே உரியனவாக்கிவிட்டு 1934 அக்டோபர் 17 அன்று கஹால் காலமானார். இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவரது முதன்மை மாணவரும் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருமான ஹோர்ஹே பிரான்சிஸ்கோ தெய்யோ, போருக்குப் பின் பிராங்கோ ஆட்சியில் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். நுண்கிளியா, ஒலிகோடென்ட்ரோசைட் ஆகிய துணைச் செல்களை இனங்கண்ட பியோ தெல் ரியோ ஒர்த்தேகா நாட்டைவிட்டு வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டு சென்று, பின்பு புவெனோஸ் ஐரஸில் 1945இல் இறந்தார். மற்றொரு மாணவரான ரஃபேல் லொரென்தே தெ நோ போருக்கு முன்பே அமெரிக்கா போய்விட்டிருந்தார். தகடுகள் தப்பிப் பிழைத்தன; அவற்றைப் படிக்கத் தெரிந்த கைகள் சிதறின. ஒரு தொகுப்பு அனாதையாவது பெரும்பாலும் இப்படித்தான்.

1945இல் ஓர் அருங்காட்சியகம் உருவானாலும், நிறுவனம் இடம் மாறியபோதெல்லாம் தொகுப்பும் பெட்டிகளில் கட்டப்பட்டு உடன் அலைந்தது. 1989இல் டாக்டர் ஆர்சே சாலையின் புதிய கட்டடத்திற்கு வந்த பிறகும் அதன் பெரும்பகுதி பொதுமக்கள் பார்வைக்கு வராமலே இருந்தது. முழுமையான பட்டியல் ஒன்று 2008 வாக்கில்தான் அமைந்தது. அதன்படி தொகுப்பில் 28,000க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. பட்டியல் இல்லாத தொகுப்பில் எது காணாமல் போயிற்று என்பதையே யாரும் சொல்ல முடியாது. கடிதங்கள் இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு: ஹுவான் அந்தோனியோ ஃபெர்னாண்டஸ் சந்தரென் பல இடங்களிலிருந்து தேடித் திரட்டி 2014இல் பதிப்பித்த கடிதத் தொகுதியில் 3,000க்கும் மேற்பட்டவை இடம்பெற்றாலும், அதைப்போல் சில மடங்கு கடிதங்கள் தொலைந்தோ களவாடப்பட்டோ போயின என்பதே அவரது கணிப்பு. கஹால் தம் இறுதிக் காலம் வரை வாழ்ந்த பன்னிரண்டாம் அல்போன்சோ சாலை வீடும் நினைவில்லமாகாமல் தனியார் சொகுசுக் குடியிருப்புகளாக மாறியது.

கடிதங்களின் இழப்பு ஏன் வருத்தத்திற்குரியது என்பதற்கு ஒரு காரணம் போதும். கஹாலும் அவரது மாணவர்களும் அடங்கிய கஹால் பள்ளி என்றவுடன் ஆண்களின் பெயர்களே நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வந்தன. 2019இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் எஞ்சியிருந்த ஆவணங்களையும் பழைய இதழ்களையும் ஆராய்ந்து, அப்பள்ளியில் பணியாற்றிய பெண்களை வெளிக்கொணர்ந்தனர். 1911இல் பறவைகளின் தண்டுவடச் சிதைவைப் பற்றி அங்கு ஆய்வு செய்து, பின்னர் முதல் உலகப்போரில் மருத்துவப் பணியிலேயே உயிர்நீத்த ஆஸ்திரேலிய மருத்துவர் லாரா ஃபோர்ஸ்டரும், 1921இல் தவளையின் நரம்புத் துணைச் செல்களைப் பற்றித் தனித்துக் கட்டுரை வெளியிட்ட மனுவேலா செர்ராவும் அவர்களுள் அடங்குவர். ஆவணம் எஞ்சிய இடத்தில் வரலாறு திருத்தப்படுகிறது. எஞ்சாத இடத்தில் பழைய பட்டியலே உண்மையாகிவிடுகிறது.

பிற நாடுகளிலும் இக்கதை புதிதன்று. அமெரிக்க நரம்பறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஹார்வி குஷிங், தம் நோயாளிகளின் மூளைக் கட்டிகள், நிழற்படங்கள், குறிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்த பதிவகம், யேல் பல்கலைக்கழகத்திற்கு வந்து, காலப்போக்கில் மாணவர் விடுதியின் நிலவறையில் மறக்கப்பட்டுக் கிடந்தது. இருட்டில் கண்ணாடிக் கலன்களைத் தேடிப் பார்த்த மாணவர்களின் ஆர்வமே அதை மீண்டும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. 2010இல் மருத்துவ நூலகத்தின் அடியில் அதற்கெனத் தனி மையம் திறக்கப்பட்டது. அங்கே மாதிரியும் நோயாளியின் நிழற்படமும் மருத்துவக் குறிப்பும் ஒன்றோடொன்று பிரியாமல் ஒரே தொகுப்பாக நிற்பதுதான் அம்மையத்தின் தனிச்சிறப்பு. கோல்ஜியின் பாவியா பல்கலைக்கழகமும் தன் அறிஞரின் பொருள்களைத் தன் வரலாற்று அருங்காட்சியகத்தில் உரிய மதிப்போடு வைத்திருக்கிறது.

கஹாலைப் பொறுத்தவரை நிலைமை அண்மைக்காலத்தில் மேம்பட்டுள்ளது. 2017இல் கஹால் மற்றும் ஸ்பானிய நரம்புத் திசுவியல் பள்ளியின் ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஒருவரை மட்டும் அன்றி அவரது மாணவர்களையும் சேர்த்து ஒரு பள்ளியாகப் பதிந்தது மிகச் சரியான முடிவு. அதே ஆண்டு மினியாபோலிஸில் தொடங்கி வடஅமெரிக்க நகரங்கள் சிலவற்றில் நடந்த கண்காட்சியில் 80 வரைபடங்கள் வைக்கப்பட்டு, அறிவியல் அறியாத பெருந்திரளான மக்களையும் ஈர்த்தன. ஸ்பெயின் அரசு 2022 முதல் 2025 வரையிலான காலத்தைக் கஹாலின் பெயரில் ஆய்வு ஆண்டாக அறிவித்ததோடு, அவருக்கென நிலையான அருங்காட்சியகம் ஒன்றை மாத்ரிதில் அமைப்பதாகவும் கூறியுள்ளது.

இங்கேதான் எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. வரைபடங்கள் கண்ணைக் கவர்கின்றன. சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் கூட்டம் வருகிறது. அட்டைப்படமாகவும் சுவரொட்டியாகவும் அச்சாகி விற்கின்றன. தகடுகளோ வெறுங்கண்ணுக்குப் பழுப்புக் கறைகளாகவே தெரிபவை. நுண்ணோக்கியும் பயின்ற கண்ணும் இல்லாமல் பேசாதவை. கூட்டத்தின் விருப்பத்திற்கேற்ப வரைபடங்களை ஒரு காட்சிக்கூடத்திற்கும் தகடுகளை ஒரு கிடங்கிற்கும் கடிதங்களை ஒரு காப்பகத்திற்கும் பிரித்துவிட்டால், கஹால் ஓர் ஓவியராக மட்டும் நினைவுகூரப்படுவார். அவர் எதை நிறுவினார், எவ்வாறு நிறுவினார் என்பது மறையும். மின்வடிவப் படிகள் இதற்கு முழுத் தீர்வாகா. தடித்த வெட்டின் ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனியே படமெடுத்து அடுக்கினால் தொலைவிலுள்ள மாணவரும் தகட்டைப் பார்க்க முடியும் என்பது பெரும் நன்மைதான். ஆனால் இன்று நாம் தேர்ந்தெடுக்கும் ஒளியும் தெளிவும் நாளைய வினாக்களுக்குப் போதுமானவையாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கஹாலின் முட்களை மறுத்தவர்கள் கேட்ட வினாவை 1888இல் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆகவே அமையவிருக்கும் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு வரைபடத்தின் அருகிலும், இனங்காண இயலும் இடத்திலெல்லாம், அதன் மூலத் தகடும் அதைப் பற்றிய கட்டுரைப் பக்கமும் கடிதமும் ஒருசேர இடம்பெற வேண்டும். எந்த வரைபடம் எந்தத் தகடுகளிலிருந்து எழுந்தது என்பதை ஒப்பிட்டு நிறுவும் பணி, கட்டடப் பணிக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும். பழைய வெள்ளி முறையைக் கையால் செய்து பழகிய திசுவியலாளர்கள் அதன் நிலையான பணியாளர்களாக இருக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறை முதலில் தேவைப்படுவது சுவரில் தொங்கும் தாள்களைவிட, மூடுகண்ணாடியின்றிப் பிசினில் திறந்து கிடக்கும் கோல்ஜி முறைத் தகடுகளுக்கே.